அந்த ‘ஆஹ்’ யாருடையது

புதன்கிழமை மாலை போர்ட் ஸயீதில் ஒரு மனிதரைக் காணவில்லை என்றால் வீட்டார் பதறுவதில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஸக்கியின் காபிக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். மக்ரிப் தொழுகை முடிந்த கையோடு அங்கே ஃபரஹாத்தும் தசூக்கியும் பாடுவார்கள். நாற்காலிக்கு நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்தால், சற்று முன் பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நின்றவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகம் வரும்.

ஃபரஹாத் கையில் சிம்சிமிய்யா. மடியில் வைத்து மீட்டும் சின்ன யாழ் அது. தசூக்கி கையில் சலங்கைத் தட்டுகள் கோத்த கஞ்சிரா. கச்சேரி அவ்வளவுதான். மைக் கிடையாது. ஒருமுறை ஸக்கி ஆசைப்பட்டு மைக் ஒன்று வாங்கி நிறுத்தினார். தசூக்கி வந்தார், பார்த்தார், தன் தொப்பியை அதன் தலையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கிளம்பும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் மைக்கைக் காணோம்.

ஃபரஹாத் இழுவைப் படகுகளில் இயந்திரம் பார்த்தவர். இயந்திரம் அவருடைய வலது காதைத் தின்றுவிட்டு, இடது காதை மட்டும் பாட்டுக்கென்று விட்டுவைத்தது. ஒற்றைக் காதுக்காரருக்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. தெருவில் கூப்பிட்டால் சுற்றிச் சுற்றித் தேடுவார். தசூக்கி மீன் ஏலக் கொட்டகையில் ஐஸ் உடைத்தவர். அந்தக் கைதான் கஞ்சிராவிலும் விழுகிறது என்று ஃபரஹாத் சொல்வார். “இவன் தட்டுறதைத் தாங்கணும்னுதான் அல்லாஹ் எனக்கு இந்தச் செவிட்டுக் காதைக் கொடுத்திருக்கான்” என்று சொல்லி, அவரை வலது பக்கமாகவே உட்கார வைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஃபரஹாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவார். கடை முழுக்க ‘யா ஸலாம்’ என்று அலறிக்கொண்டிருக்கும். அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

“எப்படிடா?”

“ம். முடிஞ்சுது” என்பார் தசூக்கி. மனசு ரொம்ப நிறைந்துபோன நாளில், “ரெண்டாவது தந்தி தளர்ந்திருக்கு” என்பார்.

வாலிபத்தில் தொடங்கிய வழக்கு இது. ஃபரஹாத்தின் மகள் அலெக்ஸாண்ட்ரியாவில் அவருக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்துக்கொண்டு, வந்துவிடுங்கள் என்று வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அவர் எல்லோர் எதிரிலும் போனில் கத்துவார். “இவன் வாயால ஒரு தடவை நல்லா இருந்துச்சுன்னு கேட்டுட்டு வர்றேம்மா. கேட்ட அன்னைக்கே சிம்சிமிய்யாவை ஆணியில மாட்டிட்டு ரயிலேறிடுறேன்.” அதைக் கேட்டுக் கடையே சிரிக்கும். சிரித்தாலும், தசூக்கியின் வாய் இப்படியே மூடிக்கிடக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளாதவர் அங்கே யாரும் இல்லை. அவர் சொல்லமாட்டேன் என்கிறார். அதனால் இவர் பாடிக்கொண்டே இருக்கிறார். ஊரின் புதன்கிழமைகள் அந்த ஒரு பிடிவாதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

பஸ்யூனியின் இடம் முன்வரிசை. மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளைப் பிரித்து விற்பது அவர் தொழில். கடை சுமாராக ஓடியது. குடும்பமும் சுமாராக ஓடியது. ஒருமுறை ஆசைப்பட்டுப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னார். அடுத்த நாள் இமாம் அவரைத் தனியாக அழைத்து, வேறு வகையில் சேவை செய்யலாமே என்று அன்பாகச் சொன்னார். ஆனால் பாட்டுக் கேட்பதில் பஸ்யூனியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை அவரே சொல்வார். எந்த இடத்தில் ‘அல்லாஹ்’ என்று மெல்ல விடவேண்டும், எங்கே ‘இன்னொரு தடவை’ என்று கேட்கவேண்டும், எங்கே வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தப்பான இடத்தில் சத்தம் விட்டவனை அவர் திரும்பிப் பார்த்தால், அவன் அடுத்த வாரம் பின்வரிசைக்குப் போய்விடுவான்.

அவருக்குச் சமமாக, அதாவது போட்டியாக, இருந்தவர் ஒரே ஒருவர்தான். மீன் சுடும் கடை ஷலபி. ஆளைப் பார்க்காமலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். தவிட்டில் புரட்டிச் சுட்ட மடவை மீனின் வாசனை முன்னால் வரும், ஷலபி பின்னால் வருவார். இருவரும் பல வருடமாக அடுத்தடுத்த நாற்காலி. ஒருவர் ரசித்த இடத்தை மற்றவர் ரசித்ததாக வரலாறு கிடையாது.

கோடையில் ஒரு புதன்கிழமை பாட்டு நடுவில் கரண்ட் போனது. ஃபரஹாத் நிறுத்தவில்லை. அவர் பாடிக்கொண்டிருந்தது கடற்கரைப் பாட்டு.

*கடலே, அவள் ஏறிவரும் படகை மட்டும் கவிழ்க்காதே.*
*மற்றதெல்லாம்... உன் இஷ்டம்.*

அந்த ‘மற்றதெல்லாம்’ என்ற சொல்லில் அவர் குரலை மேலே தூக்கிக் கொண்டுபோய் அப்படியே தொங்கவிடுவார். தந்தி நிற்கும், கஞ்சிராவும் நிற்கும். மூச்சுவிட நேரமிருக்காத ஓர் இடைவெளி. அதற்குப் பிறகுதான் ‘உன் இஷ்டம்’ வந்து விழும். அன்று இருட்டில், அந்த இடைவெளியில், யாரோ ஒருவர் ‘ஆஹ்’ என்றார். கத்தவில்லை. பாதியில் உடைந்த குரல். உள்ளே பூட்டிவைத்த ஏதோ ஒன்று கைநழுவி வெளியே விழுந்ததுபோல இருந்தது. ஒரு நொடி கடையே சிலிர்த்துப்போனது.

பாடகர்கள் முன்னால் இருந்த தேநீர்த் தட்டில் ஸக்கியின் போன் பதிவாகிக்கொண்டு கிடந்தது. அடுத்த நாள் அந்தப் பாட்டு ஊரைச் சுற்றியது. ஒரு வாரத்தில் சூயஸுக்கும் இஸ்மாயிலியாவுக்கும் குவைத்துக்கும் போய்விட்டது. இஸ்மாயிலியாவில் கல்யாண வீடுகளில் பாடுகிற பையன்கள் இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். அந்த ‘ஆஹ்’ பாட்டிலேயே இருக்கிறது என்று நினைத்து அதையும் சேர்த்தே பாடினார்கள்.

குவைத்திலிருந்து பஸ்யூனியின் தங்கை மகன் அழைத்தான். “மாமா, அந்த ஆஹ் நீங்கதானே? இங்கே எல்லார்கிட்டேயும் எங்க மாமான்னு சொல்லிட்டேன்.”

பஸ்யூனி பதிவைப் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். அன்று இருட்டில் அந்த இடம் வந்தபோது தன் நெஞ்சு அடைத்தது நன்றாக நினைவிருந்தது. வாய் திறந்ததா என்பதுதான் நினைவில்லை. நெஞ்சு அந்த அளவுக்கு அடைத்தவன் வாயைத் திறக்காமலா இருந்திருப்பான்? “நான்தான்” என்றார். சொல்லி முடித்ததும் அது அவருடையதாகவே ஆகிவிட்டது. அன்றிரவு மனைவி இன்ஷிராஹ் பரிமாறிய சிப்பிச் சோற்றை அவர் ஒரு பெரிய மனிதனின் நிதானத்தோடு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனால், ஷலபி தன் கடை வாசலில் அதே பதிவைப் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கேட்கவைத்துக்கொண்டிருந்தார். “கவனிங்க, இப்போ வரப்போகுது... இதோ. இது நான்.”

பஸ்யூனிக்கு ரத்தம் தலைக்கேறியது. “யார் நீங்க?”

“ஷலபி. என்னைத் தெரியாதா ஹாஜ்? பல வருஷமா பக்கத்து நாற்காலி.”

“அந்தச் சத்தம் என்னோடது.”

“உங்களோடதா? உங்க சத்தத்தை நாங்க கேட்டிருக்கோம் ஹாஜ். அன்னைக்கு ஒரு நாள் பாங்கு சொன்னீங்களே, பள்ளிவாசல் பூனையே வீட்டை மாத்திக்கிச்சே.”

“உன் தொண்டையில முள்ளு சிக்கினாத்தான் இப்படி ஒரு சத்தம் வரும். மீன்காரனுக்கு எங்கேருந்து ரசனை?”

இப்படித்தான் ஆரம்பித்தது. துணிக்காரர்கள் பஸ்யூனி பக்கம் நின்றார்கள், மீன்காரர்கள் ஷலபி பக்கம் நின்றார்கள். கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் போர்ட் ஃபுஆதுக்குப் போகிற படகில் எதிரெதிர்ப் பக்கமாக நின்று வந்தவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் அந்தப் பதிவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுத் தீர்ப்பு சொன்னார்கள். மூக்கால் வருகிறது, அதனால் பஸ்யூனி. புகை பட்ட தொண்டை, அதனால் ஷலபி. இது எப்படியாவது அடங்கிப் போயிருக்கும். ஆனால் இஸ்மாயிலியாவிலிருந்து ஒரு மாம்பழத் தோட்டக்காரர் ஸக்கிக்கு போன் செய்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். ஃபரஹாத்தும் தசூக்கியும் வரவேண்டும். அவர்களோடு அந்த ‘ஆஹ்’ சொன்னவரும் வரவேண்டும். அவருக்கு மேடைக்கு முன்னால், மாப்பிள்ளையின் மாமாக்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போடப்படும்.

அந்த நாற்காலியை நினைத்துப் பஸ்யூனிக்குத் தூக்கம் போயிற்று. வாழ்நாளில் யாரும் அவரை எதற்காகவும் ‘இவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று கேட்டதில்லை. பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட அவரை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் புகைப்படம் எடுத்தார்கள். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கேட்பது ஒன்றுதான். கேட்பவனுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? இப்போது ஒருவர் போடுகிறேன் என்கிறார். அதில் போய் ஷலபி உட்காரப்போகிறாரா?

விவகாரம் ஃபரஹாத்திடம் போனது. அவர் தாடியைச் சொறிந்தார்.

“எனக்கும் தெரியணும்” என்றார். “அந்த ரெக்கார்டை நானும் கேட்டேன். இத்தனை வருஷம் பாடுறேன், ஒருத்தன் என் பாட்டை இப்படிக் கேட்டிருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும். வர்ற புதன்கிழமை அதே பாட்டைப் பாடுறேன். அந்த ஆஹ் யார் வாயிலேருந்து வருதோ அவரை இஸ்மாயிலியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

தசூக்கி தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, “ஒரு கழுதையைக் கூட்டிட்டுப் போ. அதுவும் நல்லா கத்தும்” என்றார்.

“நீ பேசாதே. நீ பேசவேண்டிய நேரத்துல பேசமாட்டே.”

பஸ்யூனி பயிற்சியில் இறங்கினார். கடையில் பழைய கோட்டுகள் தொங்கும் பின்பக்கத்தில் போய் நின்று ‘ஆஹ்’ என்றார். முன்னால் சட்டை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி ஓடிவந்து, “எங்கே வலிக்குது ஹாஜ்?” என்றாள். இன்னொரு நாள் வீட்டுக் கூடத்தில் போன் கையில் இருக்க ‘ஆஹ்’ என்றார். சமையலறையிலிருந்து இன்ஷிராஹ் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“யாரு? எங்க அண்ணனா?”

“உங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்லை. நான் பழகுறேன்.”

“சாவுச் செய்தி கேட்டவன் மாதிரிப் பழகுறீங்களே. ஏற்கெனவே ஒரு தடவை போட்ட சத்தம்தானே? உங்களோடதுன்னா தானா வரணும். எதுக்குப் பழகணும்?”

இந்தக் கேள்வி அவரைச் சுருக்கென்று தைத்தது. பதில் தெரியாததால் கோபப்பட்டார். கோபப்பட்டு, சோறு வேண்டாம் என்றார். வாசனை வந்ததும் சாப்பிட்டார்.

ஷலபியின் நிலைமையும் சரியில்லை என்று செய்திகள் வந்தபடி இருந்தன. கொளுத்துகிற வெயிலில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கரி அடுப்பின் முன் நிற்கிறாராம். தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கிறாராம். குரல் கெட்டுவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் வாயே திறப்பதில்லையாம். விலை கேட்டால் விரலைக் காட்டுகிறாராம். ஒருவர் மடவை கேட்டுவிட்டு இறாலோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாராம்.

புதன்கிழமை வந்தது. காபிக்கடையில் எள் போட்டால் எண்ணெய்தான் வரும், அவ்வளவு நெருக்கம். ஜன்னலில் தொத்திக்கொண்டு நின்றார்கள். மீன்காரர்கள் இடப்பக்கம், துணிக்காரர்கள் வலப்பக்கம். நடுவில் அந்த இரண்டு நாற்காலிகள். பஸ்யூனி தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, பொத்தான் பூட்ட முடியாமல் திறந்துவிட்டிருந்தார். ஷலபி மஃப்ளரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் பாட்டு போயிற்று, இரண்டாம் பாட்டு போயிற்று. யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. ஃபரஹாத்துக்கே அது தெரிந்தது. “எல்லாரும் டாக்டர் வாசல்ல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க” என்று அலுத்துக்கொண்டு, கடற்கரைப் பாட்டை எடுத்தார்.

*கடலே, அவள் ஏறிவரும்...*

பஸ்யூனி மூச்சை இழுத்துப் பிடித்தார். பக்கத்திலும் ஒரு மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அவன் முந்திக்கொண்டால்? அந்த எண்ணம் வந்ததுதான் தாமதம், ‘மற்ற’ என்று ஃபரஹாத் வாயெடுக்கும் முன்பே, படகு என்ற சொல் பாதியில் இருக்கும்போதே, பஸ்யூனி ‘ஆஹ்’ என்றார். அதே கணத்தில் ஷலபியும் ‘ஆஹ்’ என்றார். இரண்டும் மோதிக்கொண்டன.

ஃபரஹாத் தந்தியில் கையை வைத்து அமர்த்தினார். “என்ன, ஏலம் எடுக்கிறீங்களா?”

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. மறுபடியும் தொடங்கினார். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது, அவன் முதலில் விட்டு அசிங்கப்படட்டும் என்று பஸ்யூனி பல்லைக் கடித்துக் காத்திருந்தார். ஷலபியும் அதையே நினைத்திருக்க வேண்டும். ‘மற்றதெல்லாம்’ மேலே போயிற்று, தொங்கிற்று. தந்தி நின்றது, கஞ்சிரா நின்றது. இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘உன் இஷ்டம்’ வந்து விழுந்தது. போய்விட்டது. பின்வரிசையில் யாரோ வெட்கமில்லாமல் தும்மினார்கள்.

ஃபரஹாத் சிம்சிமிய்யாவை மடியிலிருந்து இறக்கினார். சிரிப்பு வந்ததுபோல இருந்தது, ஆனால் முகம் வாடியிருந்தது.

“போதும்” என்றார். “நான் என்னமோ ஒருத்தன் கேட்டான்னு நினைச்சேன். இருட்டுல யாரோ காலை மிதிச்சிருப்பாங்க போல. கல்யாணத்துக்கு நானும் இவனும் மட்டும் போறோம். போட்டி கீட்டி எல்லாம் முடிஞ்சுது. இப்போ ஒரு தடவை எனக்காகப் பாடிக்கிறேன். ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது.”

பஸ்யூனிக்கு நாற்காலிக்குள் புதைந்துவிடலாமா என்றிருந்தது. இஸ்மாயிலியா போயிற்று, மாப்பிள்ளையின் மாமாக்கள் போனார்கள். அதைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. இந்த மனிதர் முகம் வாடியதற்குத் தானும் ஒரு காரணம். தனக்குக் கேட்கத் தெரியும் என்று இத்தனை வருடம் பெருமையடித்துக்கொண்டோமே, இன்று மாலை ஒரு வரியாவது கேட்டோமா? கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். இனி ஜெயிக்க ஒன்றுமில்லை. பாட்டைக் கேட்கலாம்.

ஃபரஹாத் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கோபமும் ஏமாற்றமும் சேர்ந்து குரல் கீழே கனத்திருந்தது. கடலிடம் கெஞ்சுகிற பாட்டு, அன்று கடலோடு சண்டை போடுகிற பாட்டாக மாறியிருந்தது. பஸ்யூனிக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. மறந்தே போயிருந்தார், இந்தப் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டு என்பதை. அவர் கண் ஃபரஹாத்தின் மேல் இருந்தது, பிறகு தானாக அவர் பக்கத்தில் கஞ்சிராவைப் பிடித்திருந்த கைக்குப் போயிற்று.

*மற்றதெல்லாம்...*

குரல் மேலே போயிற்று. இதுவரை போகாத உயரம் அது. அங்கே போய் நின்றது. தந்தி நின்றது. தசூக்கியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணும் மூடியிருந்தது. குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. உதடு பிரிந்தது.

‘ஆஹ்.’

அதே பாதி உடைந்த குரல். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

‘உன் இஷ்டம்’ என்று ஃபரஹாத் இறங்கினார். கஞ்சிரா வந்து சேர்ந்துகொண்டது, ஒரு தட்டு பிசகாமல். பஸ்யூனி அசையவில்லை. பக்கத்தில் ஷலபியின் மூச்சும் நின்றுபோயிருந்தது. முன்வரிசை முழுக்கப் பார்த்துவிட்டது. பின்வரிசையும் எட்டிப் பார்த்துவிட்டது. பாடி முடிக்கும் வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஃபரஹாத் கண்ணைத் திறந்தார். அது ஈரமாக இருந்தது. கடையை இடமும் வலமும் தேடினார். பாவம், ஒற்றைக் காது, எங்கிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

“யாரு அது?” என்றார். “இப்போ வந்துச்சே. அதேதான். யாரு?”

தசூக்கி தலையைக் குனிந்து கஞ்சிராவின் தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்போலத் தடவிக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து, ஃபரஹாத்துக்குத் தெரியாமல், பஸ்யூனியை நேராகப் பார்த்தார். சர்க்கரை டப்பாவில் கைவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தையின் முகம். வேண்டாம் என்று தலையை அசைத்தார், மிகமிகக் கொஞ்சமாக.

பஸ்யூனிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. ‘முடிஞ்சுது’ என்றும் ‘தந்தி தளர்ந்திருக்கு’ என்றும் சொல்லிச் சொல்லி இந்த மனிதர் இத்தனை வருடம் எதை உள்ளே அடைத்து வைத்திருந்தார் என்பது புரிந்தது. அது தெரிந்த அடுத்த நிமிடம் ஃபரஹாத் சிம்சிமிய்யாவை ஆணியில் மாட்டிவிடுவார் என்பதும் புரிந்தது. அலெக்ஸாண்ட்ரியாவில் அறை தயாராக இருக்கிறது. தசூக்கியின் வாய்க்குள் இருந்தது பாராட்டு மட்டுமில்லை. அடுத்த புதன்கிழமையும் அதற்கடுத்த புதன்கிழமையும் அங்கேதான் இருந்தன.

பஸ்யூனி எழுந்து நின்றார். இந்த ஒரு வார்த்தையைச் சந்தையில் கத்தியிருக்கிறார், படகில் கத்தியிருக்கிறார், குவைத்திலிருந்து வந்த போனில் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் மனசாரச் சொன்னார். இப்போது சொல்ல நாக்கு எழவில்லை.

“நான்தான், ஃபரஹாத் அண்ணே.”

மீன்காரர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரும் ஷலபியைப் பார்த்தார்கள். பஸ்யூனியும் பார்த்தார். இந்த ஆள் இப்போது உண்மையைப் போட்டு உடைத்தால் தீர்ந்தது.

ஷலபி மடியிலிருந்த மஃப்ளரை எடுத்து, வேகாத மீனை விழுங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கழுத்தில் நிதானமாகச் சுற்றினார்.

“அவர்தான்” என்றார். “பக்கத்துல இருந்து என் காதால கேட்டேன். அன்னைக்கும் அவர்தான் போல. நான் சொன்னது தப்பு.”

“ஆமா ஆமா, ஹாஜ் பஸ்யூனிதான்” என்று ஸக்கி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். ஜன்னலில் தொத்தியிருந்தவர்கள்கூட, பாங்கு கதையை மறந்து, ஹாஜுக்கு என்ன ஒரு குரல் என்றார்கள். ஒரு கடை நிறைய ஆட்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் பொய் சொன்னதை அந்தத் துறைமுகம் அதற்குமுன் பார்த்திருக்காது. சுங்கக்காரர்கள் முன்னால்கூட அங்கே ஆளுக்கு ஒரு பொய்தான் சொல்வது வழக்கம்.

ஃபரஹாத் எழுந்து வந்தார். பஸ்யூனியின் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஈரம் பஸ்யூனியின் விரலில் ஒட்டியது. உயிரே போய்விடும்போல இருந்தது அவருக்கு.

“பார்த்தியாடா” என்று ஃபரஹாத் தோளுக்குமேல் திரும்பிச் சொன்னார். “பழைய துணி விக்கிற மனுஷனுக்கு இருக்கிற மனசு, என் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கிற உனக்கு இருக்கா? இதைக் கேட்டாவது ஒரு வார்த்தை வருதா உன் வாயில?”

தசூக்கி கஞ்சிராவைத் தொடையில் சாய்த்துவைத்தார். குரலைச் சரிசெய்துகொண்டார்.

“ஹாஜுக்குக் காது சரியில்லை” என்றார். “டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு.”

“இவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சாவேன்?” என்று ஃபரஹாத் எல்லோரிடமும் நியாயம் கேட்டார். பிறகு விறுவிறுவென்று திரும்பிப்போய் உட்கார்ந்து, சிம்சிமிய்யாவை மடியில் இழுத்துப் போட்டார். “இரு. இன்னொண்ணு பாடுறேன். இதுக்கு நீ என்ன சொல்றேன்னு பார்க்கிறேன்.”

கடையே பெருமூச்சு விட்டது. நாற்காலிகள் இழுபட்டன, தேநீர் வந்தது, ஹூக்காக்களில் கரி மாறியது. பஸ்யூனி உட்கார்ந்தார். இஸ்மாயிலியாவில் மேடைக்கு முன்னால் போடப்போகும் அந்த நாற்காலியை நினைத்தார். இப்போது அது அவருடையது. அதில் அவர் எப்படி உட்காரப்போகிறார், அந்த இடம் வரும்போது என்ன செய்யப்போகிறார் என்று எண்ணினாலே வேர்த்தது. பக்கத்திலிருந்து மீன் வாசனை அடித்தது. ஷலபி அவர் பக்கமாகச் சாய்ந்தார்.

“இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிட்டு எவ்வளவு நிம்மதியா உட்கார்ந்திருக்கீங்க, ஹாஜ்.”

“நீங்களும்தானே சொன்னீங்க.”

“நான் பாட்டுக்காகச் சொன்னேன்.”

“நான் மட்டும் எதுக்காகச் சொன்னேன்?”

ஷலபி மஃப்ளரின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். “கல்யாணத்துக்கு நானும் வர்றேன்” என்றார். “அந்த இடம் வர்றப்போ நீங்க வாயை மட்டும் திறங்க. மாமாக்கள் யாரும் தசூக்கியைப் பார்த்துடாம நான் முன்னால நின்னு மறைச்சுக்கிறேன்.”

“உங்க உடம்புக்கு நல்லாவே மறைக்கும்” என்றார் பஸ்யூனி.

“கேளுங்க, பேசாதீங்க” என்றார் ஷலபி. ஃபரஹாத் தொடங்கியிருந்தார்.